அம்மாவின் விவாகரத்துத் தீர்ப்பு

அம்மா அந்தச் செய்தியைச் சொன்னபோது நான் மியூனிக்கை அடுத்த கார்ஹிங்கில், ஆய்வுக்கூடத்தின் குளிரறைக்கு வெளியே, ஒரு கையுறையை மட்டும் கழற்றிவிட்டுத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை, நான் எழுதப் போறன்."

"என்னத்தை அம்மா?"

"கலியாணம்தான். வேறை என்னத்தை எழுதுறது?"

அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பீலெஃபெல்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். அவர் கட்டப்போகிறவர் நகரப் பேருந்து ஓட்டும் நம்மவர் ஒருவர், மனைவியை இழந்தவர். பதினொரு வருடமாக அம்மா வேலைக்குப் போவது அவருடைய முதல் பேருந்தில்தான். ஆரம்பத்தில் வணக்கத்தோடு சரி. பிறகு ஒரு பனிக்காலத்தில் அம்மா வழுக்கி விழுந்து மூன்று வாரம் வேலைக்குப் போகாதபோது, அந்த மனிதர் முதியோர் இல்லத்துக்கே போய் விசாரித்திருக்கிறார். அதற்குமேல் எனக்கு எதுவும் சொல்லப்படவில்லை.

நான் சந்தோஷப்பட்டேன். அதைச் சொல்லவும் செய்தேன். ஆனால் அம்மா சொல்லவந்தது அதோடு முடியவில்லை.

"கலியாணம் பதியிற கந்தோரிலை பழைய தீர்ப்பு கேக்கினம். கொப்பரும் நானும் பிரிஞ்ச கடுதாசி. தீர்ப்பு முடிவானது எண்டு கோர்ட்டிலை முத்திரையும் குத்தியிருக்க வேணுமாம்."

"அது எங்கை?"

"வீடு மாறேக்கை எறிஞ்சு போட்டன். அதை வைச்சு என்ன செய்யிறது? நீ எடுத்துத் தாறியே? எனக்கு இந்த ஆன்ட்ராக் எல்லாம் எழுத ஏலாது."

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? எட்டு வயதிலிருந்து அம்மாவின் ஆன்ட்ராக்குகளை, அதாவது விண்ணப்பங்களை, எழுதுவது நான்தான். ஆனால் அன்று மாலை சுரங்க ரயிலில் மியூனிக் திரும்பும்போது எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. இடம் இருந்தும் கதவருகே நின்றுகொண்டே வந்தேன்.

காரணம் இதுதான். அம்மாவும் அப்பாவும் பிரிந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஒரு நாள் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனார்கள். நீதிபதி ஒரு பெண். தன் அறையில் எனக்கு நிறப்பென்சில்கள் தந்தார், அப்பிள் சாறு தந்தார். யாரோடு இருக்க விருப்பம் என்று அவர் நேரடியாகக் கேட்டாரா என்பது எனக்கு நினைவில்லை. நான் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. "அப்பா வீட்டுக்கு வந்தால் எனக்கு வயிறு வலிக்கும்." ஜெர்மன் மொழியில், இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன். நான் போகுமுன்பே அவர் கையடக்கக் கருவி ஒன்றை வாய்க்கருகே பிடித்து, "பிள்ளை சொல்கிறது" என்று தொடங்கி அந்த வசனத்தைப் பதிந்தார்.

அப்பா என்னை அடித்தவரில்லை. அவரும் அம்மாவும் ஒருவரையொருவர் கத்திக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் நான் அப்படிச் சொன்ன பிறகு அப்பா ஸ்டுட்கார்ட்டுக்குப் போய்விட்டார். அவரை அனுப்பியது என் வசனம்தான் என்று இருபத்திரண்டு வருடம் நம்பியிருந்தேன். அது எழுத்தில் எங்கோ இருக்கிறது என்றும் தெரியும். இப்போது அந்தத் தாளை நானே கேட்டு எடுக்க வேண்டியிருந்தது.

முதலில் பீலெஃபெல்ட் நீதிமன்றத்துக்கு எழுதினேன். அம்மாவின் கையெழுத்தோடு ஃபோல்மாக்ட், அதாவது அவருக்காக நான் கேட்கலாம் என்ற அனுமதிக் கடிதம், அவருடைய அடையாள அட்டையின் பிரதி, இருவரின் பிறந்த தேதிகள், யாழ்ப்பாணத்தில் நடந்த கலியாணத்தின் தேதி எல்லாம் வைத்தேன். பத்து நாளில் பதில் வந்தது. இந்தப் பெயர்களில் இங்கே விவாகரத்து வழக்கு எதுவும் இல்லை.

"பீலெஃபெல்டிலைதான் நடந்தது. எனக்குத் தெரியாதே?" என்றார் அம்மா.

"அம்மா, வழக்கறிஞர்தான் பீலெஃபெல்டிலை இருந்தவர். நாங்கள் அப்ப எங்கை இருந்தனாங்கள்?"

அம்மா யோசித்தார். "சப்பாத்துக் கடைக்கு மேலை."

அந்தச் சப்பாத்துக் கடை ரயிலில் ஒரு மணிநேரம் தள்ளியிருந்த சிறிய ஊரில் இருந்தது. பிள்ளையும் தாயும் அப்போது எந்த ஊரில் வசித்தார்களோ அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் வழக்கு நடக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். வழக்கறிஞர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய இடத்தில் இருந்தவர்கள், அவ்வளவு பழைய கோப்புகளை வைத்திருப்பதில்லை என்றார்கள்.

சிறிய ஊர் நீதிமன்றத்தில் தொலைபேசியை எடுத்த பெண் பொறுமையானவர். "வழக்கிலக்கம் இருந்தால் உடனே எடுக்கலாம். இல்லாவிட்டால் பெயரை வைத்து, வருடம் வருடமாகத் தேட வேண்டும். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்."

எந்தப் பெயரைச் சொல்வது? அம்மாவின் பெயர் கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, அகதி விண்ணப்பத்தில் ஒரு மாதிரி, கலியாணப் பத்திரத்தில் வேறொரு மாதிரி. மூன்றையும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அந்தப் பெண் பெருமூச்சு விட்டது கேட்டது. "உங்கள் அப்பாவிடம் பிரதி இருக்குமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் ஒரு மாதமாக எல்லா வேலையும் செய்துகொண்டிருந்தேன்.

அப்பாவோடு நான் பேசுவது வருடத்தில் இரண்டு முறை, அவருடைய பிறந்தநாளும் என்னுடையதும். இரண்டுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை நான் எடுத்ததும் அவர் பயந்துவிட்டார்.

"என்ன பிள்ளை? ஏதும் பிரச்சினையோ? ஆஸ்பத்திரியோ?"

"இல்லை அப்பா. ஒரு இலக்கம் வேணும். உங்கடை விவாகரத்துத் தீர்ப்பிலை மேலை இருக்கும்."

"பொறு."

ஒரு அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கடிதக் கோப்புகளை அப்பா வருடவாரியாக அடுக்கி வைத்திருப்பார். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். நான் சரிபார்க்கத் திருப்பி வாசித்தேன்.

"என்னட்டை இருக்கிறதிலை முத்திரை இல்லை. எண்டாலும் அனுப்பி விடட்டோ?"

"வேண்டாம் அப்பா, எனக்கு இலக்கம் மட்டும் காணும்." கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன்.

பிறகு அவர் கேட்டார். "இது இப்ப ஏன்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அம்மா கலியாணம் எழுதப் போறா."

அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதை நிறுத்தினார்.

"ஆள் நல்லவரோ?"

"ஓம். பஸ் ஓடுறவர்."

"அப்ப சரி" என்றார். "காலமை நேரத்துக்கு எழும்புற ஆள்."

அந்த இலக்கத்தோடு சிறிய ஊர் நீதிமன்றத்துக்கு எழுதி அனுப்பினேன். அதன் பிறகுதான் காத்திருப்பு மோசமானது. காலையில் வேலைக்குப் போகுமுன்பே தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பேன். அந்த நேரத்தில் தபால்காரர் வரமாட்டார் என்று தெரிந்தும் பார்ப்பேன். ஆய்வுக்கூடத்தில் ஒரே ஆய்வு மாதிரிக்கு இரண்டு தடவை லேபிள் ஒட்டினேன். பக்கத்து மேசையில் வேலை செய்யும் மதுரைக்காரப் பெண், "என்னாச்சு உனக்கு? எனி ப்ராப்ளம்?" என்று கேட்டாள். தலைவலி என்றேன். அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்து, "வந்ததோ?" என்பார். அவர்கள் பதிவுக்கு எடுத்த டெர்மின் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் அது வந்தது. பழுப்பு உறை. மாடிப்படியில் நின்றபடியே கிழித்தேன். ஏழு பக்கம். கடைசிப் பக்கத்தில் வட்ட முத்திரையும், தீர்ப்பு இறுதியானது என்ற வரியும் இருந்தன. அம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். மூடி வைத்திருக்கலாம். நான் முதல் பக்கத்துக்குத் திரும்பினேன்.

பிள்ளையின் பராமரிப்பு என்ற பகுதி ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. என் வசனம் அங்கே இல்லை. "பிள்ளை விசாரிக்கப்பட்டது" என்ற ஒரே ஒரு வரியும் ஒரு தேதியும் மட்டும். அதற்கு மேலே, தகப்பன் தனக்கு இரவு பகலாக மாறி மாறி வேலை என்பதால் பிள்ளை தாயோடு வளர்வதே நல்லது என்று தன் கைப்படக் கடிதம் எழுதிச் சம்மதித்ததாக இருந்தது. அந்தக் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். என்னை விசாரித்த தேதியைப் பார்த்தேன். கடிதம் மூன்று வாரம் முந்தியது.

படியில் உட்கார்ந்து இரண்டு தேதிகளையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நிம்மதி வரும் என்று யாராவது நினைக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படியே அம்மாவுக்கு எடுத்தேன்.

"வந்திட்டுது. முத்திரையும் இருக்கு."

"அப்பாடா!"

"அம்மா, என்னை ஏன் அண்டைக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

"எது? அதுவோ? பிள்ளையைக் கேக்கத்தான் வேணுமெண்டு சட்டமாம். நானும் கொப்பரும் அதுக்கு முதலே கதைச்சு முடிச்சிட்டம்."

"எனக்கு அதை ஒருத்தரும் சொல்லேல்லையே."

"நீ கேக்கேல்லையே பிள்ளை."

"ஒன்பது வயசிலை என்னெண்டு கேக்கிறது?"

அம்மா கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ அதுக்குப் பிறகு கன நாள் சாப்பிடேல்லை. பள்ளிக்கூடத்திலை ஆரோ ஏதோ சொல்லிப்போட்டினம் எண்டு நினைச்சன்" என்றார். அவருடைய குரல் உடைந்திருந்தது. கலியாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவரை அழவைத்துவிட்டேனே என்று அதற்கும் சேர்த்து எனக்கு மனம் ஆறவில்லை.

பதிவு மே மாதத்தில் நடந்தது. பத்துப் பேர். அம்மா நீலச் சேலை உடுத்திருந்தார். அதிகாரி அம்மாவின் பெயரை வாசித்தபோது தடுமாறினார், பேருந்துக்காரர் மெதுவாகத் திருத்திக்கொடுத்தார். அன்று அம்மா நிறையச் சிரித்தார்.

திரும்பும்போது நான் நேரே மியூனிக் போகவில்லை. ஸ்டுட்கார்ட்டில் இறங்கினேன். அப்பா நிலையத்துக்கு வந்திருந்தார். என் நினைவில் இருந்ததைவிடக் குள்ளமாக இருந்தார். வீட்டில் தேத்தண்ணி போட்டார், மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கி வைத்திருந்தார். கலியாணம் எப்படி என்று கேட்டார். சொன்னேன்.

"அப்பா, கோர்ட்டிலை நான் உங்களைப் பற்றிச் சொன்னது உங்களுக்குத் தெரியுமோ?"

"நீ என்ன சொன்னனீ?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. சொன்னேன். வயிற்று வலியைச் சொன்னேன். அது என் தலைக்குள் எப்படி வளர்ந்தது என்பதையும் சொன்னேன்.

அப்பா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"நோகாமல் என்ன செய்யும்?" என்றார். "நாங்கள் ரெண்டு பேரும் அப்பிடியெல்லோ கத்தினனாங்கள். எனக்கே நொந்தது." கொஞ்சம் கழித்து, "நான் போனது வேலைக்காக. அதை உன்னட்டைச் சொல்லியிருக்க வேணும். போகேக்கை நீ நித்திரை" என்றார்.

இரண்டாவது பணிஸைப் பிய்த்துப் பாதியை என் தட்டில் வைத்தார்.

இப்போது மாதத்தில் இரண்டு மூன்று முறை பேசுகிறோம். பேச்சு பெரும்பாலும் வானிலையைப் பற்றியும் அவருடைய முழங்கால் வலியைப் பற்றியும்தான். சில நாள் சொல்ல எதுவும் இல்லாமல் இருவரும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்போம். முதலில் வைப்பது யார் என்று இன்னும் எங்களுக்குத் தெரியாது.