ஒரே வீட்டில் இரண்டு போன்கள்

அப்பா வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு எங்கள் ஊரான புதுக்கடைக்கு வந்து சேர்ந்த வருடம்தான் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அண்ணன் கல்யாணமாகி ஏற்கெனவே பூனாவில் இருந்தான். அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக ஒரே வீட்டில், வேறு ஆளில்லாமல், லீவு முடியும் தேதியும் இல்லாமல் வாழத் தொடங்கினார்கள். எங்களுக்கு அப்பா என்றால் வருடத்துக்கு ஒரு மாதம் வரும் ஆள், மீதி நாளெல்லாம் போனில் வரும் குரல். அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

போன மாதம் நான் ஊருக்குப் போனதற்குக் காரணம் இருந்தது. அப்பாவோடு வளைகுடாவில் வேலை பார்த்த நண்பர், அங்குள்ள ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளத் திரும்ப வரச்சொல்லிக் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். “அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேங்காரு. அம்மா அதுக்கு மேல. நீ போய்ப் பாரு” என்றான் அண்ணன்.

மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று ரயிலிலேயே குறித்து வைத்துக்கொண்டேன். சேர்ந்து சாப்பிடுகிறார்களா? பேசிக்கொள்கிறார்களா? சண்டையாவது போடுகிறார்களா?

முதல் நாள் முழுக்கப் பார்த்தேன். சேர்ந்து சாப்பிட்டார்கள். “சோறு போடட்டா?” “போதும்.” அதற்குமேல் ஒன்றுமில்லை. அப்பா வாசலில் பேப்பர் படித்தார், அம்மா அடுக்களையில் இருந்தாள். சண்டைகூட இல்லை. அப்பா திரும்பப் போவதுதான் இருவருக்கும் நல்லது என்று அண்ணனுக்கு எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். ஒரு நாளை மட்டும் பார்த்து முடிவு எழுதக்கூடாது.

மறுநாள் காலை அடுக்களையில் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“கண்ணைப் பாத்தா போதுமா? செவுளைத் தூக்கிப் பாருங்க. செவந்திருக்கா? விரலால அமுக்குங்க. குழி விழுந்தா வேண்டாம்.”

“யாரும்மா?”

“உங்கப்பாதான், வேற யாரு? குளச்சல் துறைமுகத்துல நிக்காரு.”

நேற்று நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாத இருவரும் கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மீன் பேச்சு முடிந்ததும் பஸ்ஸில் பார்த்த சண்டை, முட்டுவலி, என் கல்யாணம் என்று எல்லாம் வந்தது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இத்தனை வருடமும் போனில்தான் குடும்பம் நடத்தினார்கள். நேரே உட்கார்ந்து பேச அவர்கள் பழகவேயில்லை.

மீன் கதையை அம்மா பிறகு சொன்னாள். சும்மா இருக்க முடியாமல் அப்பா ஒருநாள் குளச்சல் மீன் ஏலத்துக்குப் போயிருக்கிறார். சொல்வது கிலோ விலை, ஆனால் எடுத்தால் கூடை மொத்தத்தையும் எடுக்க வேண்டும் என்று தெரியாமல், மலிவாக இருக்கிறதே என்று கையைத் தூக்கிவிட்டார். கூடை நிறையச் சாளை மீன் வீட்டுக்கு வந்தது.

“சமைக்கவா வாங்கினிய, விருந்து வைக்கவான்னு கேட்டேன். மனுசன் முழிச்ச முழி இருக்கே!”

அன்று தெரு முழுக்கப் பங்கு போட்டார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் பிள்ளைகள் வெளியூர். பெரியவர்கள் இரண்டு பேருக்காக யாரும் குளச்சல்வரை போவதில்லை. அடுத்த நாளே எதிர்வீட்டு டீச்சர் அம்மாவிடம், “நாளைக்கும் போவாரா?” என்று கேட்டாராம். இப்போது வாரத்தில் மூன்று நாள் போகிறார். யாருக்கு என்ன மீன் என்று அம்மா கேட்டு வைக்கிறாள், அப்பா வாங்கி வருகிறார், வாங்குவதை அம்மா போனில் நடத்துகிறாள்.

ஞாயிற்றுக்கிழமையும் போனார். அம்மா போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டுத் தோசை சுட்டாள். அயிலை மீன் நன்றாக இருக்கிறது என்றார் அப்பா. பிறகு துறைமுகத்தின் இரைச்சல் குறைந்தது; ஓரமாக நடந்து வந்திருக்க வேண்டும்.

“ஏட்டி, அவனுக்கு இன்னைக்குப் பதில் சொல்லணும்லா.”

அம்மா அடுப்பை அணைத்தாள். “போணும்னு ஆசையா இருக்கா?”

“ஆசையெல்லாம் இல்ல. அங்கன்னா காலையில எந்திச்சா என்ன செய்யணும்னு தெரியும்.”

“இங்க தெரியலையா?”

“உனக்கு நான் இடைஞ்சலா இருக்கேனோன்னு.”

நான் வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை.

“இடைஞ்சல்தான்” என்றாள் அம்மா. “துண்டைக் கண்ட இடத்துல போடுதிய. டிவிய அலற விடுதிய. ஆனா அங்கயிருந்து கூப்பிட்டா நான் பேசிட்டு வச்சிருவேன். இங்க, வச்ச பெறகு வீட்டுக்கு வாறியல்லா. அது எனக்குப் பிடிச்சிருக்கு.”

“செரி. டீச்சருக்கு எவ்வளவு?” என்றார் அப்பா.

அப்பா வந்ததும் பையை முற்றத்தில் வைத்துவிட்டு, அம்மாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: “மக்ளே, வரலைன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன்.”

“என்கிட்ட ஏம்பா சொல்றீங்க? அம்மா இங்கதானே நிக்காங்க.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்தவர்போல அப்பா நெளிந்தார். “வரலைன்னு சொல்லிட்டேன்” என்றார், இந்த முறை அம்மாவிடம்.

“ம். வெயில்ல நிக்காதீங்க” என்றாள் அம்மா.