ஆடியில் வந்த தலைசுற்றல்

நான்கு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், பாகூர் பக்கம் எங்கள் ஊரில் நடந்தது இது. எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

1. வைகாசியில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். அவளுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது.
2. ஆடி பிறந்ததும், வழக்கப்படி புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள்.
3. வந்த வாரமே தெருக்குழாயடியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள்.
4. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. உண்டாகியிருக்கிறாள் என்று வீட்டில் தாங்களே முடிவு செய்து மாமியாருக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். மறுநாள் காலை அவளை என் வண்டியில் அழைத்துப் போனேன். பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று தெரிந்தது. ஆனால் ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே இருந்தது. முதல் விஷயத்தைச் சொன்னதும், "அப்பாடா" என்றாள். சொல்லிவிட்டு, தப்பாகப் பேசிவிட்டவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பயமா கீதுக்கா. ஆனா அத்தைக்கு அவ்ளோ ஆசை. நான் எப்புடி வேணாம்னு சொல்றது?"

நர்ஸிடம் உட்கார வைத்தேன். இந்த வயதில், இவ்வளவு குறைந்த ரத்தத்தோடு கர்ப்பமானால் தாய்க்கும் ஆபத்து, குழந்தையும் எடை குறைவாகப் பிறக்கலாம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரை தந்தார். தள்ளிப்போடும் வழிகளைப் பேச அவள் கணவனையும் வரச் சொன்னார். கம்பெனியில் பர்மிஷன் போட்டு ஓடி வந்தான். "ஆடியில பொண்டாட்டியப் பாக்கணும்னா ஆஸ்பத்திரிக்குத்தான் வரணும் போல" என்றவன், விஷயம் புரிந்ததும் ஹெல்மெட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில், "இவளுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது சிஸ்டர். எங்க அம்மாகிட்ட மட்டும் யாராவது சொல்லிடுங்க" என்றான்.

அந்த யாராவது நான்தான்.

சாயங்காலம் சித்தி வீட்டுக்குப் போனால், மாமியார் மல்லிப்பூவும் ஜிலேபியுமாக வந்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் தெருப் பெண்கள். தங்கையைப் பார்த்தேன், சொல்லு என்று தலையசைத்தாள். கர்ப்பம் இல்லை, ரத்தசோகை, இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்று சொல்லி முடித்தேன்.

"ஏம்மா, உனக்கே இன்னும் கல்யாணம் ஆவல. புள்ள எப்போ பெத்துக்கணும்னு நீ சொல்றியா?" என்றார் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது. ஆனாலும் விடவில்லை.

"அத்தை, ஆடியில ஏன் பிரிச்சு வெக்கிறீங்க?"

"இன்னா கேள்வி இது? சித்திரை வெயில்ல பிரசவம்னா தாயிக்கும் ஆவாது, புள்ளைக்கும் ஆவாது."

"அப்போ தாய்க்கும் புள்ளைக்கும் ஆவாதுன்னா தள்ளிப்போடறது நமக்குப் பழக்கம்தானே? இவளுக்கு ரத்தமும் இல்ல, வயசும் பத்தல. இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆடின்னு நெனச்சுக்குங்களேன்."

யாரும் சிரிக்கவில்லை. "பயமா கீது அத்தே" என்றாள் தங்கை, தரையைப் பார்த்தபடி.

மாமியார் அவளைப் பக்கத்தில் இழுத்து, கண்ணின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார். "வெள்ளவெளேர்னு கெடக்கு. என் வூட்லதானே இருந்த? சொல்ல மாட்டியா நீ?" என்றார்.

"மொத வருஷம் புள்ள இல்லன்னா நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்று ஒரு பெண்மணி கேட்டார்.

"பேசிட்டுப் போவட்டும். அவ்ளோ அவசரம்னா அவங்கவங்க வூட்ல பெத்துக்கட்டும். எம் மருமவளுக்கு மொதல்ல ரத்தம் ஏறட்டும்."

கொண்டுவந்த பூவை அவள் தலையில் வைத்தார். ஜிலேபியைப் பிட்டு ஊட்டினார். எனக்கும் ஒன்று நீட்டி, "வாய் ஜாஸ்திடி உனக்கு" என்றார்.

ஆவணியில் தங்கை திரும்பிப் போனாள். அந்த வீட்டில் முருங்கைக்கீரை பாதி நாள் குழம்பானது. டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பதால், மாத்திரை போட்ட கையோடு அதைக் கேட்டால் திட்டு விழும். கோயிலிலோ கல்யாண வீட்டிலோ யாராவது "ஏதாவது உண்டா?" என்று ஆரம்பித்தால் மாமியாரே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். அந்தக் கேள்வி தங்கையின் காதுவரை வந்ததே இல்லை.

நான் ரிசல்ட்டைத்தான் சொன்னேன். ஊருக்குப் பதில் சொல்லும் பாரத்தை அவர் எடுத்துக்கொண்டிராவிட்டால், அந்த மாத்திரைகளால் மட்டும் பெரிதாக எதுவும் நடந்திருக்காது. அதனால்தான் இப்போதெல்லாம் புதுப்பெண் யாராவது பரிசோதனைக்கு வந்தால், அவள் சம்மதித்தால், வெளியே காத்திருக்கும் மாமியாரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறேன்.

தங்கைக்கு இப்போது இருபத்திரண்டு வயது. போன மாதம் பெண் குழந்தை பிறந்தது, மூன்று கிலோ; இருவரும் நன்றாக இருக்கிறார்கள்.