ஒப்படைக்காத கயிறு

பேய், முனி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், வேறு யாராவது சொல்லி நான் கேட்டிருந்தால் நானும் அதையேதான் நினைத்திருப்பேன். பதினோரு வருடமாக துபாயில், ஜெபல் அலியில் இருக்கிறேன். கேம்ப் பாத்ரூம் பக்கம் கொலுசுச் சத்தம் கேட்கிறது என்று ஒருத்தர் நடுங்கிக்கொண்டு வந்தபோது, ஆம்பளை கேம்ப்பில் கொலுசு எங்கேயிருந்து வரும், போய்ப் படுங்கள் என்று சொல்லி அனுப்பியவன் நான்தான்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் கம்பெனி எண்ணெய் டேங்குகளைச் சுத்தம் செய்கிற கம்பெனி. டேங்கின் மேலே ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வாய் இருக்கும், அதன் வழியாகத்தான் உள்ளே இறங்குவார்கள். நான் இறங்குவதில்லை. வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு பிடிப்பேன், அவ்வளவுதான். இறங்குகிறவர் பெல்ட்டில் ஒரு முனை, என் கையில் மறுமுனை. உள்ளே இருட்டு, அவர் மாஸ்க் போட்டிருப்பார், கத்தினாலும் கேட்காது, அதனால் பேச்செல்லாம் கயிற்றில்தான். ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன். இரண்டு என்றால் கயிறு விடு. நான்கு என்றால் தூக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் ஒன்று இழுத்துக் கேட்பேன், அவர் ஒன்று இழுத்துப் பதில் சொல்வார்.

இதில் மீறக் கூடாத விஷயங்கள் மூன்று. கயிற்றை எதிலும் கட்டிவைத்துவிட்டு நகரக் கூடாது. மாற்று ஆள் வந்து 'எடுத்துட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்லாமல் கையை விடக் கூடாது. கயிற்றை வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே எத்தனை பேர். பதினோரு வருட டேங்கு வேலையில் இந்த மூன்றையும் நான் மீறியதில்லை. ரூமில் எனக்கு ரூல்ஸ் ராசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கிண்டலுக்குத்தான், ஆனால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

என் தங்கை கவிதாவின் புருஷன் செல்வம். ஊரில், முதுகுளத்தூர் பக்கம், கொத்தனார் வேலை பார்த்தவர். மழையில்லாமல் வேலையும் இல்லாமல் போனபோது நான்தான் விசா எடுத்துக் கொடுத்து எங்கள் கம்பெனிக்கு அழைத்துவந்தேன். அவருக்குக் கிடைத்தது டேங்குக்குள் இறங்குகிற வேலை. கவிதா முதலில் சம்மதிக்கவே இல்லை, பிறகு ஒரே ஒரு நிபந்தனையோடு அனுப்பினாள். "அண்ணே, கயிற நீதான் புடிக்கணும். வேற ஆளு புடிச்சா அவர உள்ள எறங்க விடாத" என்றாள். அப்படியே செய்தேன். அவருக்கு டியூட்டி என்றால் எனக்கும் டியூட்டி என்று சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு வாங்கியிருந்தேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மாசி மாதம், வெள்ளிக்கிழமை. எங்கள் கம்பெனியில் இன்னும் வெள்ளிதான் லீவு. மறுநாள் பெரிய வேலை ஒன்று தொடங்க இருந்தது, தொடங்கினால் இருபது நாளைக்கு லீவு கிடையாது. கவிதா ஏழு மாதம். எப்பப் பாத்தாலும் கட்டிலையும் பக்கெட்டையும் போட்டோ எடுத்து அனுப்புறாரு, ஊரு எப்படி இருக்குன்னு காட்டச் சொல்லு என்று என்னிடம் புகார் சொல்லியிருந்தாள். அதனால் செல்வம் என்னைக் கிளப்பிவிட்டார். கான் பாய் என்று ஒரு பட்டாணியர், வேன் ஓட்டுபவர், வடக்கே ராஸ் அல் கைமா பக்கம் சவாரி போகிறார் என்று தெரிந்து தொற்றிக்கொண்டோம்.

வழியில் கடலோரமாக ஒரு பழைய ஊர், அங்கே எங்களை இறக்கிவிட்டார். முன்பு முத்துக் குளித்தவர்களின் ஊராம், இப்போது யாரும் குடியில்லை. தொழுகை முடிந்து இரண்டு மணிக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். "சம்பல்கே, பாய்" என்று மட்டும் ஜன்னல் வழியாகச் சொன்னார். பழைய சுவர் விழும், பார்த்துப் போங்கள் என்கிற அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டேன்.

ஊர் நன்றாகத்தான் இருந்தது, பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை. இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அளவுக்குச் சந்துகள், கால் புதைகிற மணல், கூரை போன வீடுகள், சுவரெல்லாம் சிப்பியும் சங்கும். செல்வம் ஒவ்வொரு சுவரையும் தடவிப் பார்த்தார், கொத்தனார் புத்தி எங்கே போகும்.

"மச்சான், இது கடல்ல வெட்டுன பவளக்கல்லு. நம்ம கீழக்கரை பக்கம் பழைய வீடெல்லாம் இதுதான். காத்து உள்ள போயி வரும், சூடே தெரியாது."

கதவில்லாத ஒரு வாசலில் நின்று, கவிதாவுக்கு அனுப்ப என்னையும் ஒரு படம் எடுத்தார். அப்படியே நடந்து ஊரின் அந்தக் கோடிக்கு வந்தோம். அங்கே கடலிலிருந்து பிரிந்து வரும் உப்பாறு ஒன்று, அதன் கரையில் கல்லால் கட்டிய சிறிய படித்துறை, படித்துறையில் பெரிய இரும்பு வளையம் ஒன்று பதித்திருந்தது. ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அரபிதான், ஆனால் வெள்ளை அங்கி இல்லை, நம் ஊர் லுங்கி மாதிரி ஒன்றும் பழைய பனியனும், காலில் செருப்பில்லை. கையில் கயிறு, கயிறு தண்ணீருக்குள் போயிருந்தது. நண்டுக் கூடு போட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

செல்வம் இன்னும் இரண்டு வீடு பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். "தூரமாப் போயிராதீங்க மாப்ள" என்றேன். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் தூரத்தில் பாங்கு சொல்கிற சத்தம் கேட்டது. கிழவர் என்னைப் பார்த்தார். கயிற்றை நீட்டி "ஷுவையா, ஷுவையா" என்றார், கொஞ்ச நேரம் பிடித்துக்கொள் என்று. தொழப் போகிறார், இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி. வாங்கிக்கொண்டேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் வழக்கப்படி உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, கட்டைவிரலை மேலே வைத்துப் பிடித்தேன். பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "கலாஸ்", முடிந்தது, என்று சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து சந்துக்குள் போனார். வெகு நேரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கிற மாதிரி இருந்தது.

நண்டுக் கூடுதானே என்ற நினைப்பில் நான் எதுவும் கேட்கவில்லை.

கால் மணி நேரம் போயிருக்கும். தென்னங்கயிறு மாதிரி சொரசொரப்பான கயிறு. அலை இல்லை, காற்றில்லை, சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. கயிறு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, மீன் இழுப்பதும் மனிதன் இழுப்பதும் எனக்குத் தெரியும், கை அதற்கே பழகிய கை. யோசிக்கவில்லை. எழுந்து, காலை வளையத்தில் முட்டுக்கொடுத்து, கை மாற்றிக் கை மாற்றி இழுத்தேன். பாரம் இருந்தது. ஒரு ஆள் பாரம். இரண்டு ஆள் ஆழத்துக்குக் கயிறு நனைந்து மேலே வந்தது, அப்புறம் சட்டென்று பாரம் போய்விட்டது, ஆள் வெளியே வந்து பெல்ட்டைக் கழற்றினால் எப்படிப் போகுமோ அப்படி. தண்ணீரில் எதுவும் மேலே வரவில்லை.

இங்கேதான் நான் ஒன்று செய்தேன். டேங்கில் ஒருவர் மேலே வந்ததும் கயிறு மறுபடி உள்ளே போக வேண்டும், அடுத்த ஆளுக்காக. பழக்கதோஷத்தில் கயிற்றை மறுபடி தண்ணீரில் விட்டேன். போய்க்கொண்டே இருந்தது, அப்புறம் நின்றது.

நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே விளங்குவதற்குள் சந்திலிருந்து செல்வம் வந்தார். ஒரு காலில் செருப்பில்லை, முழங்கால் வரை ஈரம், பாதத்தில் ரத்தம். உள்ளங்கை இரண்டும் உரிந்து சிவந்திருந்தன.

"என்ன மச்சான், தூக்கிவிட்டுட்டு நீங்க பாட்டுக்கு இங்க வந்து உக்காந்துட்டீங்க?"

ஒரு வீட்டு முற்றத்தில் மணல் மூடிய பலகை, அதன் கீழே கிணறு. காலை வைத்ததும் பலகை உடைந்து உள்ளே போய்விட்டார். போன் தண்ணீரில் போய்விட்டது. கத்திப் பார்த்திருக்கிறார், யார் இருக்கிறார்கள் கேட்க. பிறகு மேலேயிருந்து கயிறு வந்திருக்கிறது, முனையில் கண்ணி. நான்தான் போட்டேன் என்று நினைத்து, கண்ணிக்குள் தலையையும் கையையும் நுழைத்து, சொல்லிக்கொடுத்தபடி நாலு இழுப்பு. தூக்கப்பட்டார். மேலே வந்து கண்ணியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துப் பார்த்தால் ஆளும் இல்லை, கயிறும் இல்லை.

தலையில் அடிபட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என் உள்ளங்கையும் உரிந்திருந்தது. கவிதாவின் முகம்தான் முன்னால் வந்தது. செல்வத்தின் காலில் ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது, உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். கான் பாய் வேன் ஹாரன் தூரத்தில் கேட்டது. கிழவர் வரவில்லை.

"விட்டுட்டு வாங்க மச்சான், நண்டுக் கயிறுதான" என்றார் செல்வம்.

வளையத்தில் கட்டினேன். கட்டுவதற்கு முன்னால், கை சும்மா இருக்காமல், ஒன்று இழுத்தேன். கேட்கிற இழுப்பு. உடனே பதில் வந்தது. ஒன்று. நன்றாக இருக்கிறேன். அது அலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முடிச்சைப் போட்டு, செல்வத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேனில் பாதி வழியில்தான் அவர் அடுத்ததைச் சொன்னார். காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஆமா மச்சான், கீழ நின்னது யாரு?"

"கீழயா?"

"சுவரெல்லாம் பாசி, கால் வழுக்குது. கீழேர்ந்து என் பாதத்துக்கு ஒருத்தரு தோள் குடுத்தாரு. நல்ல உரமான தோளு. அவரு ஏத்திவிட்டதாலதான் கண்ணிக்குக் கை எட்டுச்சு. நீங்க ரெண்டு பேரா வந்தீங்களோன்னு நெனச்சேன்."

கான் பாயிடம் வண்டியைத் திருப்பச் சொல்ல வாயைத் திறந்தேன். ரத்தம் துண்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. சொல்லவில்லை. ஐந்து தையல் போட்டார்கள்.

அந்த இருபது நாள் முடிந்ததும் நான் தனியாகப் போனேன். கிணறு இருந்தது, உடைந்த பலகை இருந்தது, தண்ணீரில் செல்வத்தின் செருப்பு மிதந்தது, வேறு எதுவும் இல்லை. கிணற்றுக்கும் படித்துறைக்கும் நடுவே இருநூறு தப்படி இருக்கும். படித்துறையில் வளையம் மட்டும்தான், கயிறு இல்லை. ஊர் நுழைவாசலில் அன்று ஒரு காவலாளி இருந்தார், அவரிடம் கிழவரைப் பற்றிக் கேட்டேன். அப்படி யாரும் வருவதில்லை என்றவர், நான் சொன்ன அடையாளத்தைக் கேட்டுவிட்டு, தன் அறைச் சுவரில் மாட்டியிருந்த பழைய படம் ஒன்றைக் காட்டினார். முத்துக் குளிக்கிறவர் கடலுக்குள், மேலே கரும்பனியன் போட்ட ஒருவர் கயிறு பிடித்துக்கொண்டு. முகம் தெளிவில்லை, அவர்தான் என்று பொய் சொல்ல மாட்டேன். கயிறு பிடித்திருந்த விதம் மட்டும் தெரிந்தது. ஒரு சுற்று, மேலே கட்டைவிரல்.

கவிதாவுக்கு ஆண் குழந்தை. செல்வம் இப்போது குடோனில் பேக்கிங் வேலை பார்க்கிறார், டேங்குப் பக்கம் நான் விடவில்லை. ஒவ்வொரு முறை போனிலும் அவள் கடைசியில் அதையே சொல்கிறாள். "அண்ணே, நீ கயிறு புடிச்சதாலதான் எம்புள்ளைக்கு அப்பன் இருக்கான்." நானும் ஆமாம் என்கிறேன். அது பொய்யும் இல்லை. ஆனால் அவள் புருஷனுக்குத் தோள் கொடுத்துவிட்டு, தன் முறைக்காகக் கீழே நின்றவரை நான் தூக்கவில்லை. கேட்டதற்கு நன்றாக இருக்கிறேன் என்று பதில் சொன்னவர் அவர். அதை நினைத்தால் சோறு இறங்காமல் போகிற நாள் உண்டு.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அங்கே போகிறேன், ரூமில் யாருக்கும் தெரியாது. அந்த வளையம் முழுக்க உப்பரித்துத் துருவேறிக் கிடக்கிறது, தொட்டால் உதிர்கிறது. உள்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் துருவே இல்லை, கயிறு ஓடிய இடம் மாதிரி பளபளவென்று இருக்கிறது, போன வாரமும் அப்படியேதான் இருந்தது. உள்ளே எத்தனை பேர் என்று கேட்காமல் நான் வாங்கிய கயிறு அது. எங்கள் வேலை முறைப்படி பார்த்தால் டியூட்டி இன்னும் என்னுடையதுதான். யாரும் வந்து 'எடுத்துட்டேன்' என்று என்னிடம் சொல்லவில்லை.