லீவில் இருப்பவரின் அலுமாரி

அலுவலக எழுத்துவேலை பார்க்கும் இலிகிதர் லீவில் இருக்கையில் அவரது அலுமாரியை இன்னொருவர் திறப்பது உதவியா, அத்துமீறலா? மாநகர சபையில் பட்டதாரி நியமனம் பெற்ற முதல் மாதமே இக்கேள்வி என்னிடம் வந்தது. பிள்ளை பிறக்குமுன் வீட்டுக்கு மின்சாரம் பெற வேண்டிய கர்ப்பிணிப் பெண்ணொருவர், அதற்கான சான்றிதழுக்காக மூன்றாம் முறையாக வந்திருந்தார்.

“சான்றிதழ் குடுக்கிற இலிகிதர் இண்டைக்கும் லீவு,” என்றார் பிரதம இலிகிதர்.

“அலுமாரி இஞ்சதானே நிக்கிது. அதுக்கும் லீவா சேர்?” என்றார் அப்பெண்.

சாவி அலுமாரியிலேயே தொங்கியது. திறந்தேன். கையொப்பமிட்ட சான்றிதழ் மேல்தட்டில் கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன்.

அப்பெண் போனதும் பிரதம இலிகிதர் என் மேசைக்கு வந்தார். “படிச்ச திமிரா தம்பி? நாளைக்கு நீங்க லீவு போட்டா உங்கட மேசைய நாங்க கிண்டட்டா?”

“ஆரும் வந்து காத்து நிண்டா கிண்டுங்க சேர்.”

மறுநாள் முதல் எவரும் என்னோடு கதைப்பதில்லை. லீவு எடுப்பவர்கள் அலுமாரியைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.