வாசல் ஆணியில் ஒரு பை

வடிவம்மா சீலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினால் வீட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். ஆண்டியப்பனுக்கு இது கல்யாணமான நாளிலிருந்து தெரியும். அந்த நேரங்களில் அவன் சத்தம்போடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலக்கடலை போட்ட கச்சான் தோட்டத்துப் பக்கம் நழுவிவிடுவான். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பள்ளிக்கூடம் தொடங்க இருந்த காலையில் மட்டும் அது நடக்கவில்லை. சைக்கிள் வீட்டு முன்பத்தித் திண்ணையில் உர மூட்டைக்குப் பின்னால், விறகுக்கும் மண்வெட்டிக்கும் நடுவே சிக்கிக் கிடந்தது. ஆள் அகப்பட்டுக்கொண்டான்.

அவர்கள் மலையகத்துத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழில் கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். யுத்தத்தில் அங்கே கட்டிய வீட்டையும் விட்டுவிட்டு, இப்போது புதுக்குடியிருப்புக்கு வெளியே ஒரு மண்சுவர் வீடு, கிடுகுக் கூரை, முன்னால் ஒரு பத்தி. இருபது வருசத்தில் வடிவம்மாவின் பேச்சு வன்னிப் பேச்சாகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் தோட்டத்துப் பேச்சு எட்டிப் பார்க்கும்.

பிரச்சினை மகள் சுகந்தினியின் படிப்பு. இந்த வருசம் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் சின்ன வகுப்புகள் காலையிலும் பெரிய வகுப்புகள் மத்தியானத்துக்குப் பிறகும் நடந்தன. வீட்டில் பள்ளிக்கூடப் பை ஒன்றுதான். தம்பி யதுர்ஷன் காலையில் அதைக் கொண்டுபோவான். அவனோ வழியில் நாவல் மரம், குளம், அணில் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு வருகிறவன். அவன் வந்து, பையைக் கொட்டி, இவள் தன் புத்தகங்களை அடுக்கி, மூட்டைகளுக்கு அடியில் செருப்பைத் தேடி, ஓடிப் போய்ச் சேரும்போது கேற்றைப் பூட்டியிருப்பார்கள். போன தவணை முழுக்க இந்தக் கூத்துத்தான்.

"பாதி நாள் கேற்றடியிலேயே நிண்டுபோட்டு வாறாள்," என்றான் ஆண்டியப்பன். "பொங்கல் வரைக்கும் பாப்பன். அதுக்குள்ள ஒருநாள் எண்டாலும் திரும்பி வந்தாளெண்டால் கச்சான் பிடுங்க என்னோட வரட்டும்."

சுகந்தினி அழவில்லை. அம்மாவைப் பார்த்தாள். வடிவம்மா தலைப்பைச் செருகினாள்.

முதலில் உர மூட்டை பின்பக்கம் போனது. தூக்கியவன் ஆண்டியப்பன்தான், வேறு யார்? விறகு குசினிக்குப் போனது. யுத்தத் தடையால் ஆணி வாங்கக் கிடைக்காத காலம். அவள் காட்டுக் கரையில் கவர்க் கம்புகள் வெட்டிவந்து மண்சுவரில் அடித்து இறுக்கினாள். தாழ்வாக அடித்தது யதுர்ஷனின் பைக்கு, அதற்கு மேலே குடை, பக்கத்தில் வெள்ளைச் சட்டைகள். ரிபன் கட்ட ஒரு உடைந்த கண்ணாடித் துண்டு. மாரிச் சேறு வீட்டுக்குள் வராதபடி செருப்புகளுக்கு ஒரு பலகை, கால் கழுவப் பானையும் சிரட்டையும். சைக்கிள் வேலியைப் பார்த்து நின்றது, பிடித்தால் நேரே றோட்டுக்கு இறங்கலாம்.

மிஞ்சியது கதவோரத்து ஆணி. வீட்டிலிருந்த ஒரே இரும்பு ஆணி அது. அதில் ஒரு பச்சைப் பை தொங்கியது. வன்னியில் அப்போது எல்லா வீட்டிலும் இருந்த பைதான். பிறப்புப் பத்திரங்கள், இரண்டு சோடி உடுப்பு, ஒரு மெழுகுதிரி, பனடோல் மாத்திரை. எந்த நேரம் எழும்பி ஓடவேண்டி வருமோ என்று கட்டி வைத்தது. 'ஓடுற பை' என்று பிள்ளைகள் பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் அதைவிட நல்ல பை இல்லை.

வடிவம்மா அதைக் கழற்றிப் பாயில் கவிழ்த்தாள்.

"உனக்கென்ன விசரோ?" ஆண்டியப்பன் பதறிப்போனான். "நாளைக்கு ஓட வந்தால் என்னத்தைத் தூக்கிறது?"

"என்னத்தயாவது தூக்குங்க! ஓடுறதுக்கு நல்ல பை, படிக்கிறதுக்குப் பை இல்லையா?" தோட்டத்துப் பேச்சு வந்துவிட்டது.

பத்திரங்கள் பிஸ்கற் தகரத்துக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் சேர்ந்தன. கழுவிக் காயவைத்த பச்சைப் பை, சுகந்தினியின் புத்தகங்களோடு அதே ஆணிக்குத் திரும்பி வந்தது. அவள் அதை வந்து வந்து தொட்டுப் பார்த்தாள்.

அதன்பிறகு அவள் பிந்தவேயில்லை. அணிலை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விசாரித்துவிட்டு வரட்டும் யதுர்ஷன், அவளுக்கென்ன?

பொங்கலுக்கு முதல் நாள் அவள் ரிபன் கட்டிக்கொண்டிருந்தபோது கிபிர் குண்டு விமானம் இரைந்துகொண்டு வந்தது. எல்லாரும் முற்றத்தில் வெட்டிய பங்கர் குழிக்குள் குதித்தார்கள். கடைசியாக ஆண்டியப்பன், பச்சைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி. விமானம் எங்கோ தூரத்தில் குண்டைப் போட்டுவிட்டுத் திரும்பியது.

"பத்திரமெல்லாம் பத்திரமோ அண்ணை?" என்று கேட்டார், அதே பங்கருக்குள் வந்து ஒதுங்குகிற பக்கத்து வீட்டுப் பரமலிங்கம்.

"ஓம், எல்லாம் இதுக்குள்ளதான்," என்று பையைத் திறந்தான் ஆண்டியப்பன். கணக்குப் புத்தகம். அடுத்து விஞ்ஞானம். அதற்குள் சுற்றி வைத்த ஒரு துண்டு றொட்டி. கை பழைய ஆணிக்கே போயிருக்கிறது! பரமலிங்கம் சிரித்தார். வடிவம்மா சிரிப்பை அடக்கமுடியாமல் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுகந்தினிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அப்பா, பையைத் தாங்கோ. கேற் பூட்டப்போறாங்கள்."

அவன் மகளைப் பார்த்தான். தலைமயிரில் பங்கர் மண். ஒரு பக்கப் பின்னலில் ரிபன், மறு பக்க ரிபன் கையில். வானத்தில் இரைச்சல் முழுக்க அடங்கவில்லை, இவள் கேற்றைப் பற்றிக் கதைக்கிறாள். பையிலிருந்த மண்ணை உடுத்திருந்த சாரத்தின் நுனியால் துடைத்துத் தன் தோளிலேயே கொழுவிக்கொண்டான்.

"ஏறு சைக்கிளில்," என்றான்.

சைக்கிள் றோட்டைப் பார்த்துத் தயாராகத்தான் நின்றது. இறங்கினான், மிதித்தான். கேற்றின் ஒரு பக்கம் சாத்தியாயிற்று, மறுபக்கம் அசைகிறது. "பொறுங்கோ! பிள்ளை வருது, பிள்ளை வருது!" என்று அவன் கத்திய கத்தலில் சாத்தவந்த மாணவ தலைவன் திகைத்து நின்றுவிட்டான். சுகந்தினி உள்ளே ஓடினாள்.

அவன் திரும்பி வந்து பத்தியில் ஏறியபோது வடிவம்மா வாசலில் நின்றாள்.

"செருப்பைப் பலகையில வையுங்கோ," என்றாள் முதலில். பிறகு, "போய்ச் சேந்தாளோ?"

"சேராமல்?"

"அப்ப பொங்கல் முடியக் கச்சான் பிடுங்க ஆர்?"

ஆண்டியப்பன் சிரட்டையில் தண்ணீர் மொண்டு காலைக் கழுவினான். "நீயும் நானும்தான்," என்றான். "அவளுக்கு எங்க நேரம்?"