மண்ணெண்ணெய் வாடையில் ஒரு பசி

இன்று காலை, நான் இப்போது இருக்கிற மூவார் ஊரில், பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள் செயினை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்ள, எனக்கு மட்டும் பசித்தது.

பெக்கோக் பக்கம், இன்றைக்கு எண்ணெய்க்கான செம்பனை மரங்கள் நிற்கிற இடத்தில் எங்கள் ரப்பர் தோட்டம் இருந்தது. அங்கே ரப்பர் பால் சேர்க்கிற ஸ்டோரின் எஞ்சினைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அப்பா. நாள் முழுக்க நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் சுவரையே அதிரவைத்த அந்த எஞ்சின் சத்தம் சாயங்காலம் அடங்கியதும் அம்மா சோற்றை வடிப்பாள்; கொஞ்ச நேரத்தில் வாசலில் அப்பா மண்ணெண்ணெய் ஊற்றித் தேங்காய் நாரால் கையைத் தேய்க்கிற சத்தம் கேட்கும். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கும். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால், "வேணாம் ஆயி, கவுனெல்லாம் கறையாயிடும்" என்று விரல் படாமல் முழங்கையாலேயே அணைத்துக்கொள்வார்.

அந்தக் கையால் சோற்றைத் தொடமாட்டார். அம்மா ஒரே சட்டியில் குழம்புச் சோறு பிசைந்து, எங்கள் கையில் ஆளுக்கொரு உருண்டை வைத்துவிட்டு, அடுத்ததை அவர் வாயில் ஊட்டுவாள். புருஷன் பெயரைக்கூட உச்சரிக்காத அம்மா, லயத்துப் பெண்கள் சிரிக்கச் சிரிக்க, "அவங்க சிரிக்கட்டும், நீங்க வாயத் தொறங்க" என்பாள்.

எந்தக் கறையும் போய்விடும் என்று சொல்லித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருமுறை அப்பாவுக்குச் சீமைச் சோப்பு ஒன்று கொடுத்தார். அப்பா அதை விட்டத்தில் செருகி வைத்தார். நாங்கள் வளர்ந்து தோட்டத்தை விட்டுப் போகும்வரை அது காகிதம் பிரிக்காமல் அங்கேயே இருந்தது; அம்மாவும் ஒருநாள்கூட அதை எடுத்துக் கொடுக்கவில்லை.