தங்கச்சி உயிரியல் படித்த வகுப்பறை

தங்கச்சியின் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினருக்கும் அயலவருக்கும் வணக்கம். எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. சபையில் பேசவும் வராது. தங்கச்சியைப் பற்றி எழுத வேறு ஆளில்லாததால் எழுதுகிறேன்.

தங்கச்சி யாழ்ப்பாணத்தில் பிறந்தார். எங்கள் ஐயாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் வயல் கிடைத்து நாங்கள் வன்னியில் மல்லாவிக்கு வந்தபோது அவர் கைக்குழந்தை. நான் பள்ளிக்கூடத்தை விட்டு அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தேன்.

உயர்தரத்தில் அவர் உயிரியல் பிரிவைக் கேட்டார். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் கலைப் பிரிவுக்குப் போய்விட்டார்கள். உயிரியலுக்கு இவர் ஒருவர்தான். படிப்பிக்க வந்தவரோ ஓர் இளம் ஆசிரியர்; சேர் என்போம். அம்மா மறித்தார்.

“குமர்ப் பிள்ளை ஒரு ஆம்பிளையோட அறைக்குள்ள தனிய இருக்கிறதோ? கலையைப் படி.”

“தனிய இல்லை. அக்கா வந்து இருப்பா.”

என்னிடம் தங்கச்சி ஒரு சொல் கேட்கவில்லை. கலியாணமாகாத இருபத்தாறு வயதில் பள்ளிக்கூடம் போக எனக்கு வெட்கம். ஆனால் நான் மாட்டேன் என்றால் அவருடைய படிப்பு அன்றோடு சரி. போனேன்.

இரண்டு வருடம் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து, விதைக்க வைத்த நிலக்கடலையை, விதைக் கச்சானை, கோது உடைத்தேன்.

“அக்கா, உந்தச் சத்தத்தில எனக்கே பாடம் மறக்குது” என்பார் சேர்.

தங்கச்சி திரும்பாமலே, “கச்சானும் உயிரியல்தானே சேர்” என்பார்.

சேர் கரும்பலகையில் கீறிய இருதயம், ஈரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கும் பாடமாகிவிட்டன. வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மருத்துவபீடம் போகத் தங்கச்சிக்குப் புள்ளி போதவில்லை. ஒரு கிழமை அழுதார். பிறகு மருத்துவமாது ஆனார். மழையிலும் சைக்கிளில் போவார். போரில் இடம்பெயர்ந்து தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்த நாட்களிலும் பிள்ளைப்பேறு பார்த்தார். அவரும் கலியாணம் செய்யவில்லை. அம்மாவும் ஐயாவும் போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

போன வருடம் அவருக்குக் கால் வீங்கியது. வவுனியாவில் டொக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு, கடதாசியில் இரண்டு சிறுநீரகம் கீறி, இரண்டையும் பேனையால் வெட்டிக் காட்டினார். வெளியே வந்தேன்.

“என்னவாம்?” என்று தங்கச்சி கேட்டார்.

“ஐஞ்சாம் வகுப்புப் படிச்ச எனக்கென்ன விளங்கும்?”

அவர் சிரித்தார். “ரெண்டு வருசம் எனக்குப் பின்னால இருந்தனீங்கள். பொய் சொல்லாதேங்கோ அக்கா. ரெண்டு சிறுநீரகமும் பழுதாப் போட்டுதோ?”

“ஓம்.”

“அப்ப வாங்கோ, வீட்டை போவம்.”

அதன் பிறகு அவர் ஏழு மாதம் இருந்தார். இரத்தம் சுத்திகரிக்கக் கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன முன்வீட்டுக்காரருக்கும், இரத்தம் தந்தவர்களுக்கும், தங்கச்சியின் கையில் பிறந்து அவரைத் தோளில் சுமந்து போன பிள்ளைகளுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

அவர் தனிய இருக்கக் கூடாதென்று அந்த வகுப்பறையில் இரண்டு வருடம் போய் இருந்தேன். இந்தப் போகத்துக்கும் வீட்டில் தனிய இருந்து விதைக் கச்சான் உடைக்கிறேன். சத்தம் கூடிப்போச்சு என்று சொல்ல ஒருவரும் இல்லை.

– அக்கா